நல்லெண்ணெயும் நெகிழ்வூட்டியும்: ஒரு நச்சுநோயின் சமூக வரலாறு

1977ஆம், 1978ஆம் ஆண்டுகளில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில், அண்மையிற் பூப்பெய்திய தமிழ்ப் பெண்பிள்ளைகள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் கால்கள் தளர்ந்து நடக்கவியலாதவராயினர். அவர்களுக்கு ஊட்டப்பட்ட நல்லெண்ணெயில் ட்ரைகிரெசைல் பொஸ்பேற்று என்னும் இரசாயனப் பொருள் கலந்திருந்தமையே இந்நோய்க்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. பிளாஸ்ரிக்கை வளையத்தக்கதாக்கும் பொருட்டுத் தொழிற்சாலைகளிற் சேர்க்கப்படும் நெகிழ்வூட்டிகளுள் அதுவும் ஒன்று.

மருத்துவ ஆய்வேடுகளிற் பதிவான இந்நிகழ்ச்சி சமூக வரலாற்று நோக்கிலும் ஆராயத்தக்கது. பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய் கொடுக்கும் வழக்கம் மலைநாட்டுத் தமிழரிடையே மட்டும் நிலவியதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அது வேரூன்றிய வழக்கமாகும். ஆதலின், மலைநாட்டில் நேர்ந்த துன்பத்தை விளங்கிக் கொள்ள, அவ்வழக்கம் எத்தகைய பொருளாதார உறவுகளின் மேல் நின்றது என்பதை யாழ்ப்பாணச் சமூகத்தின் வாயிலாக நோக்குதல் பயன் தரும். எண்ணெய் செய்பவருக்கும் உண்பவருக்கும் இடையிலிருந்த நேருறவு அற்றபின், வழக்கம் மட்டும் பழையபடி நிலைத்தது. நஞ்சு நுழைந்தது அந்த இடைவெளியிலேயே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

யாழ்ப்பாண வாழ்வில் நல்லெண்ணெய்

எள்ளின் நெய்யே எண்ணெய். பிற வித்துக்களிலிருந்து பெறும் நெய்களுக்கும் பின்னர் அப்பெயரே பொதுவாயிற்று. எள்ளின் நெய்யோ ‘நல்ல’ என்னும் அடைபெற்று நல்லெண்ணெயாயிற்று. தமிழர் வாழ்வில் இவ்வெண்ணெய் பெற்றிருந்த முதன்மையைச் சொல்வரலாறே காட்டுகின்றது.

குடாநாட்டிலும் வன்னியிலும் எள் பயிரிடப்பட்டது. மழையை நம்பிய வயல்களில் நெல் அறுவடையானபின், மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு எள், பயறு, உழுந்து முதலியவற்றை விளைவிப்பது உழவர் வழக்கம். விளைந்த எள் ஊர்ச் செக்குக்குச் சென்றது. மரத்தாலோ கல்லாலோ ஆன உரலில், மாடு சுற்றிவர, உலக்கை எள்ளை நசுக்கி எண்ணெயைப் பிரித்தது. எள் கொண்டுபோனவர் எண்ணெயையும் பிண்ணாக்கையும் பெற்று மீண்டார். பிண்ணாக்கு மாட்டுக்கு உணவாயிற்று. செக்காட்டுதல் ஒரு சாதிக்குரிய தொழிலாக வகுக்கப்பட்டிருந்தமையால், அவ்வுறவில் ஏற்றத்தாழ்வு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும், எண்ணெய் எவர் கையால், எந்த எள்ளிலிருந்து, எந்தக் கலனில் வந்தது என்பதை உண்பவர் அறிந்திருந்தார். கலப்படம் செய்பவர் தம் அயலவர் முன் நின்று விடை கூறவேண்டியிருந்தது.

இவ்வெண்ணெய் சமையலுக்கு மட்டும் பயன்படவில்லை. சனிக்கிழமை முழுக்குக்கும் தீபாவளி முழுக்குக்கும் கோயில் விளக்குக்கும் அதுவே வேண்டப்பட்டது. செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய மருத்துவ நூல்களைப் பெற்ற யாழ்ப்பாணத்துச் சித்த மருத்துவ மரபில், மூலிகைத் தைலங்கள் பலவற்றுக்கு நல்லெண்ணெயே அடிப்பொருளாயிற்று. உணவும் மருந்தும் ஒன்றாய்ச் சந்திக்கும் இடத்தில் அது இருந்தது எனலாம்.

சாமத்தியச் சடங்கில் இவ்விரு தன்மைகளும் ஒருங்கே வெளிப்பட்டன. பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் அவளுக்குத் தண்ணீர் வார்த்து, வீட்டின் ஒரு புறத்தே தனியே இருத்தி, குறித்த நாட்கள் வரை பத்திய உணவு கொடுப்பர். உழுத்தங்களியும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் அவ்வுணவில் முதன்மை பெற்றன. இடுப்புக்கு வலுவூட்டும், கருப்பைக்கு நன்மை தரும் என்ற நம்பிக்கையில் எண்ணெயைக் காய்ச்சாமல் அப்படியே குடிக்கக் கொடுத்தனர். பிள்ளை முகஞ் சுளித்தாலும் தாயும் மாமியும் பேர்த்தியாரும் விடுவதில்லை. வளரும் பிள்ளைக்குப் புரதமும் கொழுப்பும் மிகுதியாகத் தேவைப்படும் பருவத்தில், வீட்டிலுள்ள சிறந்த பொருளை அவளுக்கென ஒதுக்கும் ஏற்பாடு இது. பெண்ணின் உணவைப் பின்னுக்குத் தள்ளிய ஒரு சமூகத்தில், அவள் பங்கு முன்னுக்கு வந்த சில நாட்களுள் இவை அடங்கும்.

நெகிழ்வூட்டியின் தோற்றம்

மற்றை எண்ணெயின் வரலாறு வேறு திசையிலிருந்து தொடங்குகின்றது. விறைப்பான பொருளை முறியாது வளையச் செய்வது எவ்வாறு என்பது மனிதர் நெடுங்காலமாக எதிர்நோக்கிய சிக்கலாகும். யாழ்ப்பாணத்தார் இதனைத் தம் கைவினைகளில் அறிந்திருந்தனர். கடகமும் பெட்டியும் பாயும் இழைக்கும் பெண்கள் பனஞ்சார்வை ஈரப்படுத்திப் பதப்படுத்திய பின்னரே பின்னினர். நீரின் நுண்கூறுகள் ஓலையின் நார்களுக்கிடையே புகுந்து அவை ஒன்றன்மேலொன்று வழுக இடமளிக்கின்றன. நீர் உலர்ந்ததும் ஓலை மீண்டும் விறைக்கின்றது.

ஏட்டுச்சுவடிகளைப் பேணியோர் அவற்றுக்குக் காலத்துக்குக் காலம் எண்ணெய் பூசினர். அதுவும் இதே நோக்கமுடையதே. பூச்சும் பேணலும் இன்றிக் கிடந்த சுவடிகள் என்னவாயின என்பதைச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் வெளியிட்ட கலித்தொகைப் பதிப்புரையில் மனம் நொந்து எழுதியுள்ளார். தொட்ட அளவில் ஓரம் உதிர்வதையும் இதழ் முறிவதையும் அவர் கண்டார். இன்றைய வேதியியல் மொழியிற் கூறின், நெகிழ்வூட்டும் பொருளை இழந்த ஓலைகளையே அவர் கையாண்டார்.

செயற்கைப் பொருளுக்கும் இதே தேவை எழுந்தது. யானைத் தந்தத்துக்கு மாற்றுத் தேடிய அமெரிக்கரான ஜோன் உவெஸ்லி ஹயற்றும் அவர் சகோதரரும், நைத்திரோசெலுலோசுடன் கற்பூரத்தைச் சேர்த்துச் செலுலோயிட்டை உருவாக்கி 1870இல் உரிமம் பெற்றனர். தமிழர் கோயில்களில் ஒளியாய் எரிந்த கற்பூரமே புதிய தொழிலுலகின் முதல் நெகிழ்வூட்டிகளுள் ஒன்றாயிற்று என்பது சுவையான செய்தி. கற்பூர மரங்கள் செறிந்த தைவானை 1895இற் கைப்பற்றிய யப்பான், சில ஆண்டுகளில் அவ்வணிகத்தைத் தன் ஏகபோகமாக்கிற்று.

பொலிவைனைல் குளோரைட்டு என்னும் பி.வி.சி. 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தும் பயன்படாதிருந்தது. அது கடினமானது, சூடாக்கினாற் சிதைவது. 1926இல் அமெரிக்காவின் பி. எவ். குட்ரிச் நிறுவனத்தில் பணியாற்றிய உவால்டோ செமன், அதனை உயர்ந்த கொதிநிலையுடைய திரவங்களுடன் சூடாக்கியபோது இறப்பர் போன்ற மென்பொருளைப் பெற்றார். அத்திரவங்களுள் ட்ரைகிரெசைல் பொஸ்பேற்றும் ஒன்று. பனையோலையில் நீர் செய்யும் வேலையை இங்கு அத்திரவம் செய்தது: நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளின் இடையே புகுந்து அவற்றின் பிணிப்பைத் தளர்த்திற்று. அது நீரைப்போல் விரைவில் ஆவியாவதில்லை. ஆனால் சங்கிலிகளோடு இரசாயன முறையாற் பிணைக்கப்படுவதும் இல்லை. ஆகவே, தகுந்த ஊடகம் கிடைப்பின் வெளியேறிச் செல்லும். எண்ணெயும் கொழுப்பும் அத்தகைய ஊடகங்கள்.

இரண்டாம் உலகப் போர் இப்பொருளுக்குப் பெருஞ் சந்தையைத் திறந்தது. 1942இல் மலாயா யப்பானியர் வசமாக, நேச நாடுகள் இறப்பருக்கு இலங்கையையே பெரிதும் நம்பவேண்டியதாயிற்று. மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்த யாழ்ப்பாணத்தவரின் குடும்பங்களுக்கு அங்கிருந்து வந்த பணம் நின்றுபோன காலமும் அதுவே. இறப்பர் கிடையாத இடங்களில், மின்கம்பிகளின் உறையாக நெகிழ்வூட்டிய பி.வி.சி. இடம்பிடித்தது. போர் முடிந்தபின் அது குழாயாகவும் விரிப்பாகவும் செருப்பாகவும் உலகெங்கும் பரவிற்று.

எண்ணெயுள் மறைந்த நஞ்சு

ட்ரைகிரெசைல் பொஸ்பேற்று நிறமற்றது, அல்லது இளமஞ்சள் நிறமுடையது. மணம் இல்லை எனுமளவு குறைந்தது. நீரிற் கரையாது எண்ணெயிற் கலப்பது. தீயை எளிதில் ஏற்காமையாலும் தேய்மானத்தைக் குறைப்பதாலும் நெகிழ்வூட்டியாக மட்டுமன்றி, இயந்திரங்களுக்கான உராய்வுநீக்கி எண்ணெய்களிலும் அது சேர்க்கப்பட்டது. தொழிற்சாலைக்கு உகந்த இப்பண்புகளே உணவில் அதனை இனங்காண முடியாததாக்கின. கண்ணும் மூக்கும் நாவும் ஆகிய மூன்று காவலும் அதன் முன் தோற்றன.

அதன் கொடுமை முதன்முதலிற் பெருமளவில் வெளிப்பட்டது அமெரிக்காவில். மதுவிலக்கு நடைமுறையிலிருந்த 1930ஆம் ஆண்டில், ஜமெய்க்கா இஞ்சிச் சாறு என விற்கப்பட்ட மதுசாரம் மிக்க மருந்தில், அரசின் பரிசோதனையை ஏய்ப்பதற்காக வணிகர் இருவர் இந்நெகிழ்வூட்டியைக் கலந்தனர். 30,000 முதல் 50,000 பேர் வரை பாதிக்கப்பட்டனர் என மதிப்பிடப்படுகின்றது. அவர்களுட் பெரும்பாலோர் வறியோர். பாதத்தை நிலத்தில் அறைந்து நடக்கும் அவர்களின் நடையே அந்நோய்க்கு அடையாளமாயிற்று.

1937இல் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரிலும் உணவெண்ணெய் வழியே இந்நோய் பரவிற்று. 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் பகுதியில், விமான இயந்திரங்களுக்குரிய உராய்வுநீக்கி எண்ணெயைச் சமையல் எண்ணெயுடன் கலந்து விற்றமையால் ஏறத்தாழ 10,000 பேர் முடமாயினர். 1988இல் கல்கத்தாவின் பெஹாலாப் பகுதியிலும் சமையலெண்ணெய் மூலம் நூற்றுக்கணக்கானோர் இதற்கு ஆளாயினர். இடங்களும் ஆண்டுகளும் வேறுபட்டபோதும், மலிவான எண்ணெயை நம்பி வாங்கிய எளிய மக்களே ஒவ்வொரு முறையும் இலக்காயினர் என்பது நோக்கற்பாலது.

இந்நஞ்சு உடனே தன்னைக் காட்டுவதில்லை. முதலில் வயிற்றுக் கோளாறு தோன்றலாம். அது மாறியும் விடும். ஒன்று முதல் மூன்று கிழமை கழித்துக் கெண்டைக்காலில் நோவும் விறைப்பும் எழும். பின்னர் பாதம் தூக்கவியலாது தொங்கும், கைகளும் வலுவிழக்கும். உடலின் மிக நீண்ட நரம்பிழைகளே முதலிற் கெடுவதால், கால்கள் முந்தித் தளர்கின்றன. சேதம் முண்ணாணை எட்டியிருப்பின், தளர்ச்சி ஓரளவு நீங்கியபின் கால்களில் இறுக்கம் வெளிப்படும். உண்ட நாளுக்கும் நொந்த நாளுக்கும் இடையிலுள்ள இக்கால இடைவெளியே காரணத்தைக் கண்டறிவதற்குப் பெருந்தடையாயிற்று.

1977–78: வழக்கம் தந்த துப்பு

இலங்கையில் நேர்ந்த நோயின் தனித்தன்மை, அது தேர்ந்தெடுத்த மனிதரில் உள்ளது. ஒரு வீட்டிற் பலர் வாழ்ந்தும் ஒரு பெண்பிள்ளை மட்டும் நோயுற்றாள். தந்தைக்கும் தாய்க்கும் உடன்பிறந்தோருக்கும் நோயில்லை. நோயுற்றவர்கள் வெவ்வேறு தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஆனால் யாவரும் ஒரே பருவத்தினர். தொற்றுநோயாயின் அது இவ்வாறு பால் பார்த்து, வயது பார்த்துப் பரவுவதில்லை.

நி. சேனாநாயக்க, ஜெ. ஜெயரட்ணம் ஆகிய மருத்துவ ஆய்வாளர் இருவரும் இதனை ஆராய்ந்து, 1981இல் ‘லான்செற்’ என்னும் ஆங்கில மருத்துவ இதழில் தம் முடிவை வெளியிட்டனர். நோயுற்ற பிள்ளைகள் அனைவரையும் இணைத்த பொதுக்கூறு, பூப்பின் பின்னர் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நல்லெண்ணெயே. அவ்வெண்ணெயிலே ட்ரைகிரெசைல் பொஸ்பேற்று இருந்தமை சோதனையிற் புலனாயிற்று. முன்னர் கனிய எண்ணெய் இருந்த கலன்களில் நல்லெண்ணெய் ஏற்றப்பட்டபோது இக்கலப்பு நேர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கண்ட விளக்கமாகும். நோயுற்றவருட் பதின்மர் மூன்றாண்டுகள் வரை தொடர்ந்து கவனிக்கப்பட்டனர்.

நோய் ஏன் அப்பிள்ளைகளை மட்டும் தீண்டிற்று என்பதற்குச் சடங்கே விடையளித்தது. ஏனையோர் நல்லெண்ணெயைச் சமையலிற் சிறிதளவே உண்டனர். பூப்பெய்திய பிள்ளையோ அதனைப் பச்சையாகவும் நாள்தோறும் மிகுதியாகவும் குடித்தாள். வீட்டாரின் பரிவு எவ்வளவு கூடிற்றோ அவ்வளவு நஞ்சும் கூடிற்று. மருத்துவர்கள் தமிழரின் வழக்கத்தைப் பற்றிக் கேட்டறியாதிருப்பின் காரணம் புலப்பட்டிராது. மக்களின் பழக்கவழக்கங்களை அறிதல் நோயாராய்ச்சிக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இங்குச் சடங்கின் மேற் பழி சுமத்துவது எளிது. ஆனால் அதே சடங்கு தலைமுறை தலைமுறையாக இந்நோயின்றி நடைபெற்றது. மாறியது எண்ணெய் வந்த வழி. தோட்டத் தொழிலாளர் பயிர்செய்ய நிலமற்றவர். அவர்களின் உணவு கூலியிலும் கடையிலும் தங்கியிருந்தது. எள் விளைந்த வயலும் எண்ணெய் ஆட்டிய செக்கும் அவர்கள் கண்ணுக்கு அப்பாற்பட்டவை. கூலிப் பணத்தைச் சேர்த்து மகளுக்கென எண்ணெய் வாங்கிய தாய், போத்தலிலுள்ளதை நம்புவதைத் தவிர வேறு செய்வதற்கில்லை. எண்ணெயை ஏற்றியவர் முன்பு அக்கலனில் இருந்தது யாதென அறியாதிருந்திருக்கலாம், அறிந்தும் பொருட்படுத்தாதிருந்திருக்கலாம். எவ்வாறாயினும், அக்கேள்வியைக் கேட்கும் பொறுப்புடைய ஒருவர் அவ்வழியில் எங்கும் நிற்கவில்லை.

குடாநாட்டுக்கு இதன் பொருள்

யாழ்ப்பாணமும் இதே மாற்றத்துக்கு உட்பட்டது. 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற, குடாநாட்டு உழவர் ஓரளவு செழித்தனர். துலாவும் பனையோலைப் பட்டையும் இருந்த கிணற்றடிகளில் நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகின. அவற்றோடு மண்ணெண்ணெய்த் தகரமும் உராய்வுநீக்கி எண்ணெயும் நெகிழ்குழாயும் வந்தன. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் இறக்குமதிப் பொருள்களைக் கொண்டுவந்து குவித்தது. பெட்டியும் கடகமும் இருந்த இடத்தைப் பிளாஸ்ரிக் வாளியும் பையும் பிடித்தன. பனந்தொழிலை வளர்ப்பதற்கெனப் பனை அபிவிருத்திச் சபை 1978இல் நிறுவப்பட்டபோது, அத்தொழிலை நம்பிய பெண்கள் இப்போட்டியின் நடுவிலேயே நின்றனர்.

தட்டுப்பாடு மிக்க இடத்தில் எக்கலனும் வீசப்படுவதில்லை. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்த குடாநாட்டில், போத்தலும் கானும் அரிய பொருள்களாயின. மண்ணெண்ணெயில் மோட்டார் வாகனங்கள் ஓடின. வெற்றுப் போத்தல்கள் சிக்கன விளக்குகளாயின. வறுமையின் திறமை என இதனைப் பாராட்டுவர். ஆயின், எரிபொருட் கலனும் உணவுக் கலனும் ஒன்றாகும் வாய்ப்பு அத்திறமையின் மறுபக்கம் என்பதை 1977–78 நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

பின்வந்த காலத்தில் பிளாஸ்ரிக் தொழிலில் ட்ரைகிரெசைல் பொஸ்பேற்றின் இடத்தைத் தாலேற்றுகள் என்னும் வேறொரு தொகுதி நெகிழ்வூட்டிகள் பெரிதும் எடுத்துக்கொண்டன. அவை நரம்பை அவ்வாறு அழிப்பன அல்ல. எனினும் அவற்றுட் சில இனப்பெருக்க வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியன என்னும் ஆய்வு முடிவுகளின் பேரில், ஐரோப்பிய ஒன்றியம் 1999 முதலாகவும், அமெரிக்கா 2008 முதலாகவும் சிறுவர் விளையாட்டுப் பொருள்களில் அவற்றைக் கட்டுப்படுத்தின. 2011இல் தைவானில், பானங்களுக்குக் கலங்கற்றன்மை தரும் சேர்க்கையில் பாம் எண்ணெய்க்குப் பதிலாகத் தாலேற்று ஒன்றைச் சேர்த்திருந்தமை அம்பலமாயிற்று. மலிவான தொழிற்சாலை எண்ணெய் உணவெண்ணெயின் வேடம் பூண்ட கதை, எண்பது ஆண்டுகளின் பின்னும் மாறவில்லை.

எல்லாப் பிளாஸ்ரிக்கும் ஒரே தன்மையின என்று அஞ்ச வேண்டியதில்லை. பொலித்தீன் இயல்பாகவே நெகிழ்வது. அதற்கு இத்தகைய சேர்க்கை வேண்டுவதில்லை. மென்மையான பி.வி.சி.யே நெகிழ்வூட்டியை மிகுதியாகக் கொண்டது. எண்ணெயைத் தோட்டத்து நெகிழ்குழாயால் வடிப்பதும், உணவுக்கென ஆக்கப்படாத கலனில் வைப்பதும் தவிர்க்கப்பட வேண்டியன. கலனைக் கழுவுவது போதாது. எண்ணெயிற் கரைவது நீரில் நீங்குவதில்லை.

முடிவுரை

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவின் ஆக்கம், இறக்குமதி, விற்பனை, விநியோகம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்த இயற்றப்பட்டது. ஊர்ச் செக்கடியில் அயலவரின் கண் செய்த காவலைச் சந்தைப் பொருளாதாரத்தில் அரசும் ஆய்வுகூடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருமே செய்யவேண்டும். அக்காவல் தளர்ந்தால் விளைவது யாதென்பதைக் குடாநாடு பின்னொரு முறையும் கண்டது. சுன்னாகத்தை அடுத்த கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019இல் ஆணையிட்டது. அங்கு மக்கள் எண்ணெயை நீரில் மணந்து அறிந்தனர், கண்டு முறையிட்டனர். தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பும் கிட்டவில்லை.

செக்கடி நாட்களுக்கு மீளுதல் இயலாது. அந்நாட்களின் சாதியொழுங்கை மீட்டல் விரும்பத்தக்கதுமன்று. ஆயினும் சாமத்திய வீட்டில் இன்றும் நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுக்கப்படுகின்றது. அந்த எண்ணெய் எங்கு ஆட்டப்பட்டது, எதில் ஏற்றப்பட்டது, எவர் சோதித்தார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையளிக்கும் கடமை விற்பவருக்கும் அரசுக்கும் உரியது. கேட்கும் உரிமை, குடிக்கும் பிள்ளையின் பொருட்டு, வீட்டாருக்கு உரியது.